பனி நனைக்காத கம்பளி

அன்பரசி மேடம் எதையும் முதலில் பென்சிலில்தான் எழுதுவார். பேனா பையில் செருகியிருக்கும், ஆனால் அதை எடுக்க மாட்டார். நோயாளியைக் கேட்டு, தொட்டு, நடக்கவிட்டுப் பார்த்த பிறகு நோட்டைத் திறப்பார். பக்கத்தின் நடுவே ஒரு கோடு இருக்கும். கோட்டுக்கு இடது பக்கம் 'என்ன என்று நினைக்கிறேன்' என்று இருக்கும். வலது பக்கம் 'நான் நினைத்தது தப்பு என்றால் எப்படித் தெரியும்' என்று இருக்கும்.

அந்த வலது பக்கத்தை முதன்முதலில் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. வைத்தியம் பார்க்கிறவர் தானே தப்பாக இருக்கலாம் என்று எழுதிவைத்துக்கொள்வதை நான் அதுவரை பார்த்ததில்லை.

மலைமேல் ஜமுனாமரத்தூரில் ஒரு தொண்டு நிறுவனம் நடத்தும் சிகிச்சை நிலையத்தில் அவர் பிசியோதெரபிஸ்ட். நான் அங்கே உதவியாள். பெருக்குவது, வெந்நீர் போடுவது, டோக்கன் கொடுப்பது, நடக்க முடியாதவர்களைப் பிடித்து உட்காரவைப்பது என் வேலை. டாக்டர் புதன்கிழமை மட்டும்தான் மலைக்கு வருவார். மற்ற நாட்களில் உள்ளே வருகிற முதுகு, முழங்கால், தோள், வாதத்தில் விழுந்த கை எல்லாம் மேடத்தின் பொறுப்பு.

அவர் மலையடிவாரத்துப் படவேட்டுக்காரர். அப்பாவுக்கு ஒன்றரை ஏக்கர், நெல்லும் கரும்பும். சின்ன வயதில் போலீஸ் ஆக ஆசைப்பட்டாராம். இரண்டு சென்டிமீட்டர் உயரம் குறைந்து போனது. அதன் பிறகுதான் இந்தப் படிப்பு. முடித்ததும் கீழே ஒரு தனியார் கிளினிக்கில் வேலை கிடைத்தது. ஆறு கட்டில், ஆறு மெஷின். சீட்டில் எழுதியிருக்கிற மெஷினை எழுதியிருக்கிற இடத்தில் வைக்க வேண்டும், அவ்வளவுதான். தோள்வலி என்று வந்த ஒருவரிடம் கூடுதலாக இரண்டு கேள்வி கேட்டதற்கு, "கேள்வி கேக்குறதுக்கு உங்கள வெக்கலம்மா, ஸ்விட்ச் போடத்தான் வெச்சோம்" என்றாராம் முதலாளி. ஆறு மாதம் ஸ்விட்ச் போட்டுவிட்டு மலைக்கு வந்துவிட்டார். "மலை மேல யாரு வந்து ஒனக்கு முதுகக் காட்டப்போறாங்க?" என்று அவர் அம்மா இன்றைக்கும் போனில் கேட்பார். மேடம் சனிக்கிழமை மத்தியானம் பஸ் பிடித்து வீட்டுக்குப் போவார். திங்கட்கிழமை காலை முதல் பஸ்ஸில் வந்துவிடுவார்.

மலையில் அவருக்கு ஒரு பட்டப்பெயரும் உண்டு. டிக்கெட்டம்மா.

அது வந்த கதை இதுதான். போன வருஷம் ஒரு அம்மா ஆடுசதை வலி என்று வந்தார். ஒரு கால் மட்டும் வீங்கி, தொட்டால் சூடாக இருந்தது. மேடம் அதைத் தேய்க்கவும் இல்லை, நீவவும் இல்லை. உள்ளே ரத்தம் கட்டியிருந்தால் அது நகர்ந்து நெஞ்சுக்குப் போய்விடும் என்று சொல்லி, அன்றைக்கே வேலூர் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். இரண்டு நாள் அலைந்து, கட்டி ஒன்றும் இல்லை, சாதாரண வீக்கம்தான் என்று தெரிந்துகொண்டு அந்த அம்மா திரும்பி வந்தார். வந்தவர் சும்மா இருப்பாரா? சந்தையில் எல்லோரிடமும் சொல்லிவிட்டார். "அங்க போனா வைத்தியம் கெடையாது. வேலூருக்கு டிக்கெட்டு கிழிச்சிக் குடுக்கும், அவ்ளோதான்."

மேடம் காதுக்கு அது வந்தபோது அவரும் சிரித்தார். ஆனால் சாயந்தரம் எல்லோரும் போன பிறகு நோட்டில் அந்தப் பக்கத்தைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கடைசியில் மூடிவிட்டுச் சொன்னார்: "மங்கம்மாக்கா, அதே கால் நாளைக்கு வந்தாலும் நான் அனுப்பத்தான் செய்வேன்."

அதற்கு அடுத்த ஐப்பசியில் ராஜாக்கண்ணு வந்தார்.

புளியங்குட்டை என்கிற சிற்றூர் அவருக்கு. நாற்பத்தைந்து வயது இருக்கும். சாமை விதைக்கிறவர், நாலு புளியமரம் உண்டு. மனைவி சுந்தரம்மாளும் கூட வந்திருந்தார். முதுகின் நடுவுக்குக் கொஞ்சம் கீழே வலி.

"எவ்ளோ நாளாண்ணா?" என்றார் மேடம்.

"ஆவணியிலேர்ந்துங்க. எரு மூட்டை தூக்கனேன். அன்னிக்கிப் புடிச்சதுதான்."

மேடம் கேள்விகளை வரிசையாகக் கேட்டார். கால் மரத்துப்போகிறதா, ஒன்றுக்குப் போவதில் சிரமம் உண்டா, காய்ச்சல் வந்ததா. எல்லாவற்றுக்கும் இல்லீங்க, இல்லீங்க என்றார்.

"ராத்திரி வலி வந்து தூக்கத்துலேர்ந்து எழுப்பிவுடுதா?"

"இல்லீங்க. அதெல்லாம் இல்ல."

"எடை ஏதாச்சும் கொறஞ்சிருக்கா?"

இதற்குச் சுந்தரம்மாள் முந்திக்கொண்டார். "எப்ப ஏறுச்சு, இப்பக் கொறையறதுக்கு? கல்யாணத்தன்னிக்கே மாலைதான் கனமா இருந்திச்சு."

ராஜாக்கண்ணுவும் சிரித்தார். மேடம் அவரை எழுந்து நின்று குனியச் சொன்னார். குனிந்தார், விரல் முழங்காலைத் தாண்டி இறங்கியது. படுக்கவைத்துக் காலைத் தூக்கிப் பார்த்தார். சின்னச் சுத்தியலால் முழங்காலில் தட்டினார். பஞ்சால் பாதத்தைத் தொட்டு, தெரிகிறதா என்று கேட்டார். எல்லாம் சரியாகவே இருந்தது. இடது பக்கம் பென்சிலில், 'தசைப் பிடிப்பு, மூட்டை தூக்கியதால்.' வலது பக்கம், 'இரண்டு வாரத்தில் பாதியாவது குறையாவிட்டால்.'

இரண்டு பயிற்சி சொல்லிக்கொடுத்து, உப்பை வறுத்துத் துணியில் கட்டி ஒத்தடம் கொடுக்கச் சொல்லி அனுப்பினார்.

வெளியே போகும்போது ராஜாக்கண்ணு கையிலிருந்த டோக்கன் கீழே விழுந்தது. பதினொன்றாம் நம்பர், வட்டமான தகரம். அது உருண்டு என் துடைப்பத்துக்குப் பக்கத்தில் வந்து நின்றது. நான் எடுப்பதற்குள் அவரே வந்துவிட்டார். அவர் குனியவில்லை. முதுகைப் பலகை மாதிரி வைத்துக்கொண்டு, முழங்காலை மடக்கி அப்படியே உட்கார்ந்து எடுத்தார். எழும்போது ஒரு கையைத் தொடையில் ஊன்றி, அடுத்த கையை அதற்குமேல் ஊன்றி, தன் காலையே பிடித்து ஏறுகிறவர் மாதிரி எழுந்தார். டோக்கனை என்னிடம் கொடுத்துவிட்டுச் சிரித்தார்.

உள்ளே குனியச் சொன்னபோது குனிந்தவர்தான். மேடம் கேட்டாரே என்று குனிந்திருக்கிறார். யாரும் கேட்காதபோது அவர் முதுகு குனியவில்லை.

அதை நான் பார்த்தேன். சொல்லவில்லை. வெளியே இன்னும் ஒன்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். படித்தவர் அரை மணி நேரம் பார்த்து எழுதியதற்கு மேல், ஏழாவதோடு நின்றவள் போய் என்ன சொல்வது? அவர் டோக்கன் எடுத்த விதம் எனக்குப் பிடிக்கவில்லை என்றா? துடைப்பத்தை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போய்விட்டேன்.

சரியாக இரண்டு வாரம் கழித்து, திங்கட்கிழமை, இருவரும் திரும்ப வந்தார்கள்.

"கொறஞ்சுதாண்ணா?"

"பரவால்லீங்க" என்றார் ராஜாக்கண்ணு.

"இன்னா பரவால்ல?" என்றார் சுந்தரம்மாள். "முன்னவிட மோசம்மா. பயிற்சி செய்யலியான்னு கேக்காதீங்க. காலைலயும் சாயந்தரமும் நானே நின்னு எண்ணுறேன். பத்துன்னா பத்து, ஒண்ணு கொறயாது."

மேடம் நோட்டைத் திறந்து வலது பக்கத்தைப் பார்த்தார். பிறகு அவர்களை வெளியே பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டு, என்னிடம் வெந்நீர்ப் பை கேட்டார். பையைக் கொடுத்துவிட்டு நான் போகவில்லை.

"இன்னாக்கா?"

"மேடம், அன்னிக்கி அவர் டோக்கன் கீழ வுழுந்துது."

முதலில் அவருக்குப் புரியவில்லை. வார்த்தையால் சொல்ல வராமல், நான் அவர் முன்னாலேயே உட்கார்ந்து எழுந்து காட்டினேன். தொடையில் கை ஊன்றி ஏறியதையும் காட்டினேன். வெந்நீர்ப் பையை அவர் மேஜைமேல் வைத்துவிட்டார்.

எழுந்து வெளியே போனார். பெஞ்சில் ராஜாக்கண்ணுவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, ஊரில் மழை எப்படி என்று பேசிக்கொண்டே, தன் பேனாவைக் கீழே நழுவவிட்டார். ராஜாக்கண்ணு மரியாதைக்காரர். "இருங்கம்மா" என்று எழுந்தார். அதே மாதிரி உட்கார்ந்து, அதே மாதிரி தன் காலைப் பிடித்து ஏறினார்.

உள்ளே கூட்டிவந்து முதலிலிருந்து தொடங்கினார் மேடம். நானும் உள்ளேயே நின்றேன்.

"அண்ணா, ராத்திரி வலி எழுப்புதான்னு கேட்டேன். இல்லன்னீங்க."

"ஆமாங்க, இல்ல."

நான் குறுக்கே பேசக் கூடாதுதான். இருந்தாலும் சொன்னேன். "மேடம், இப்ப சாமை முத்துற காலம். பன்னி வரும். இவங்க யாரும் ராத்திரி படுக்கவே மாட்டாங்க."

மேடம் என்னைப் பார்த்தார், பிறகு அவரைப் பார்த்தார். "ராத்திரி எங்கண்ணா இருப்பீங்க?"

"நெலத்துல, காவல் பரண்லங்க."

"அங்க தூங்குவீங்களா?"

"தூங்குனா பன்னி வுடுமா? தகரம் தட்டிக்கினு ஒக்காந்திருப்பேன்."

"அப்ப வலி எழுப்பலன்னீங்களே?"

"தூங்கவே இல்லியே. எங்கேர்ந்துங்க எழுப்பும்?"

அவர் பொய் சொல்லவில்லை. கேட்டதற்குச் சரியாகத்தான் பதில் சொல்லியிருந்தார்.

"பகல்ல எப்படித் தூங்குறீங்க?"

"பலா மரத்துல சாஞ்சு கொஞ்சம் கண்ண மூடுவேன்."

"பாய் போட்டு வெச்சா படுக்க மாட்டேங்குறாரும்மா," என்றார் சுந்தரம்மாள். "பொண்ணு பாக்க வந்தவரு மாதிரி ஒக்காந்துனே தூங்குறாரு."

"படுத்தா இன்னா ஆவுதுண்ணா?"

"படுத்தா குத்துதுங்க. ஒக்காந்தா தேவல."

"வேர்க்குதா?"

"இல்லீங்க. பனிதான் நனைக்குது."

"அந்தப் பனிய கேக்காதீங்க," என்றார் சுந்தரம்மாள். "விடிஞ்சி வந்தா சட்டைய புழியலாம். தெனைக்கும் தொவைக்கறது நான். ஆனா ஒண்ணும்மா, போத்தியிருக்கற கம்பளி மட்டும் காஞ்சே இருக்கும். பரண் மேல கூரையும் போட்டிருக்குது. அந்தப் பனி எந்த வழியா உள்ள பூருதோ, தெரில."

சொல்லிவிட்டுச் சிரித்தார். நானும் மேடமும் சிரிக்கவில்லை. அதைப் பார்த்து அவர் சிரிப்பும் நின்றது.

மேடம் இந்த முறை அவரைக் குனியச் சொல்லவில்லை. முதுகெலும்பின் மேல் ஒவ்வொரு கணுவாக விரல் நுனியால் மெல்லத் தட்டிக்கொண்டு வந்தார். ஓரிடத்தில் ராஜாக்கண்ணுவின் தோள் துள்ளியது. அங்கே கணு ஒன்று லேசாக வெளியே தெரிந்தது. பிறகு முழங்காலில் சுத்தியல். போன முறை கால் லேசாக ஆடிய இடத்தில், இந்த முறை எகிறி உதைத்தது. இரண்டு காலிலும் அப்படியே. கடைசியில் தரை டைல்ஸின் கோட்டைக் காட்டி, ஒரு கால் விரலை ஒட்டி அடுத்த காலின் குதிகாலை வைத்து அதன் மேலேயே நடக்கச் சொன்னார். வரப்பில் நடந்தே வளர்ந்த மனிதர், நாலு அடி நடப்பதற்குள் இரண்டு முறை கோட்டை விட்டு விலகினார்.

மேடம் சுத்தியலைப் பெட்டியில் வைத்து மூடினார். இடது பக்கத்தில் பென்சிலில் இருந்ததை அழித்தார். பேனாவை எடுத்து எழுதினார்.

"அண்ணா, நேரா சொல்றேன். சட்டைய நனைக்கறது பனி இல்ல, நோவு வேர்வை. எலும்புக்குள்ள ஏதோ அரிக்கற மாதிரி இருக்குது. டிபியா இருக்கலாம், வேறயாவும் இருக்கலாம். அந்த எலும்புக்குப் பின்னாடிதான் காலுக்குப் போற நரம்பு மொத்தமும் எறங்குது. அது அமுங்கிப் போச்சுன்னா ரெண்டு காலும் உங்க பேச்சக் கேக்காது. நான் நெனைக்கறது தப்பாகூட இருக்கட்டும். தப்புன்னு தெரிஞ்சுக்கறதுக்கும் ஸ்கேன் எடுத்தாகணும். பயிற்சி வேணாம், ஒத்தடம் வேணாம், யாரும் முதுகத் தொடக்கூடாது. இன்னிக்கே வேலூரு போவணும்."

ராஜாக்கண்ணு சட்டையைப் போட்டுக்கொண்டார். "அறுப்புக்கு இன்னும் பத்து நாள்தாங்க. அறுத்துட்டு வர்றேன்."

"பத்து நாள் தாங்குமான்னு எனக்குத் தெரிலண்ணா."

"வெள்ளிக்கிழம சடையன் வர்றேன்னிருக்காரு. ஒரு இழுப்பு இழுத்து, மிதிச்சுவுட்டா சரியாப் பூடுங்கறாரு."

சடையன் சுற்றுப்பட்டு ஊர்களில் எலும்பு கட்டுகிறவர். முறிந்த கைக்கு மூங்கில் பத்தை வைத்துக் கட்டுவதில் அவரை மிஞ்ச ஆள் இல்லை. ஆனால் அவர் இந்த முதுகில் கால் வைத்தால் என்ன ஆகும் என்று எனக்குப் பயமாக இருந்தது. மேடத்தின் முகத்திலும் அது தெரிந்தது. அன்று திங்கள். இன்னும் நாலு நாள்.

கதவைத் திறந்ததும் வெளியே வரிசையிலிருந்த ஒருவர் கேட்டார். "இன்னா ராஜாக்கண்ணு, டிக்கெட்டு கெடச்சிச்சா? ஜன்னலோரமா பாத்து வாங்கு."

எல்லோரும் சிரித்தார்கள். ராஜாக்கண்ணு தலையைக் குனிந்துகொண்டு படி இறங்கினார். படியைப் பார்த்துப் பார்த்து இறங்கினார்.

அவர்கள் போன பிறகு மேடம் சொன்னார்: "ஒரு மெஷினாச்சும் வெச்சு அனுப்பியிருந்தா நம்பியிருப்பாருக்கா. கை வெக்காம அனுப்புனா யாருக்குப் புடிக்கும்? ஆனா கை வெக்காம இருக்கறதுதான் இன்னிக்கு வைத்தியம்."

நான் என் தப்பைச் சொன்னேன். டோக்கன் விழுந்த அன்றைக்கே பார்த்ததையும், சொல்லாமல் போனதையும். அதெல்லாம் ஒன்றும் இல்லை என்று அவர் சமாதானம் சொல்லவில்லை. "பதினாலு நாள் போயிடிச்சு" என்றார். பிறகு, "உங்கள நான் கேட்டிருக்கணும். நீங்க வாசல்ல நிக்கறீங்க. நான் பாக்காததத்தான் பாக்கறீங்க" என்றார்.

டாக்டருக்குப் போன் செய்து, பார்த்ததை ஒன்றுவிடாமல் சொன்னார். அனுப்பு, கடிதம் எழுதிக்கொடு, வேலூரில் நான் பேசிவைக்கிறேன் என்றார் டாக்டர். ஆனால் போக வேண்டியவர் பரணில் இருந்தார்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு நிலையத்து ஜீப்பில் புளியங்குட்டைக்குப் போனோம். டிரைவர் இளவழகன் ரோடு முடியும் இடத்தில் நிறுத்தினார். அங்கிருந்து நிலத்துக்குக் கொஞ்ச தூரம் நடை. சாமைக் கதிர் தலை சாய்ந்து நின்றது. கீழோரத்தில் ஒரு பாய் அளவுக்குப் பன்றி உழுது போட்டிருந்தது. நடுவில் பரண், நாலு கால் நட்டு, மேலே புல் வேய்ந்து. எட்டுப் படி ஏணி.

ராஜாக்கண்ணு கீழே பலா மரத்தடியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்ததும் எழப் பார்த்தார். "எழாதீங்க" என்று மேடமும் எதிரே தரையில் உட்கார்ந்துகொண்டார். சுந்தரம்மாள் கேழ்வரகுக் கூழ் கொண்டுவந்து கொடுத்தார். குடித்தோம். மேடம் ஸ்கேன் பற்றிப் பேசவில்லை. பன்றி எந்தப் பக்கமிருந்து வரும், எத்தனை வரும் என்று கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு ஏணியைப் பார்த்தார்.

"எத்தினி வருஷமா இதுல ஏறுறீங்கண்ணா?"

"அப்பா காலத்துலேர்ந்து. ஏணி மாத்துவோம், எடம் இதான்."

"இருட்டுல எறங்குவீங்களா?"

"எறங்காம?"

"படியப் பாக்காம?"

ராஜாக்கண்ணு கூழ்ச் சொம்பைக் கீழே வைத்தார்.

"கேக்கறாங்கல்ல, சொல்லேன்யா," என்றார் சுந்தரம்மாள். "கண்ணக் கட்டிவுட்டாகூட ஏறுவாரும்மா இவரு."

"மூணு நாளா முடியல," என்றார் அவர். மனைவியைப் பார்க்காமல் சாமையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "கால் படியில பட்டுதா இல்லியான்னு தெரில. டார்ச்சு அடிச்சுப் பாத்துதான் வெக்கறேன். நேத்து ஒரு படி தவறிச்சு. கையில தொங்குனேன்."

சுந்தரம்மாள் திரும்பி ஏணியைப் பார்த்தார்.

"இதுதான்ணா நான் பயந்தது," என்றார் மேடம். "நரம்பு அமுங்கத் தொடங்கிடுச்சு. இன்னும் கால்ல பலம் இருக்குது. இருக்கும்போதே போவணும்."

"அறுப்பு?"

"அது எனக்குத் தெரியாதுண்ணா. அதுக்கு என்கிட்ட பதில் இல்ல."

எனக்கு அவர் மேல் மரியாதை வந்தது அந்த இடத்தில்தான். அறுப்பு எங்கும் போகாது, எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

பதில் சுந்தரம்மாளிடம் இருந்தது. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏணியை ஒரு உலுக்கு உலுக்கிப் பார்த்தார். "நான் ஏறுறேன் பரணு. நீ கெளம்பு."

"பொம்பள ஏறி எப்டி..."

"ஏன், பன்னி வந்து ஆம்பள இருக்கானா பொம்பள இருக்காளான்னு எட்டிப் பாக்குமா? தகரம் தட்டனா ஓடப்போவுது. ஒன்னவிட நான் நல்லாவே தட்டுவேன்."

"அது ஊருக்கே தெரியும்," என்றார் ராஜாக்கண்ணு. அவ்வளவுதான். அவர் கிளம்பச் சம்மதித்தது அப்படித்தான்.

அவரைக் கைத்தாங்கலாக ரோடுவரை நடத்திவந்து, ஜீப்பின் பின்பக்கம் மெத்தை விரித்தோம். அவரைக் கட்டை மாதிரி, தோளும் இடுப்பும் ஒன்றாகத் திரும்பும்படி புரட்டிப் படுக்கவைக்க வேண்டும் என்று மேடம் காட்டினார். நான் தோளைப் பிடித்தேன், அவர் இடுப்பைப் பிடித்தார். இளவழகன் கால்களைப் பிடித்தார். இரண்டு பக்கமும் கம்பளியைச் சுருட்டி அண்டக்கொடுத்தோம். துணைக்கு அவருடைய தம்பி முன்சீட்டில் ஏறிக்கொண்டார். அந்த மலைப்பாதையை இளவழகன் அவ்வளவு மெதுவாக ஓட்டி நான் பார்த்ததில்லை. ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் மேடம், "கால் கட்டவிரல ஆட்டுங்கண்ணா" என்பார். விரல் ஆடும். அடுத்த வளைவு.

அதன் பிறகு மூன்று நாள் தகவல் இல்லை. வேலூரில் கூட இருந்த தம்பியிடம் போன் இருந்தது, ஆனால் எடுக்கவில்லை. நிலையத்துக்கு வந்தவர்கள் சிலர், "டிக்கெட்டு வாங்கிப் போனவரு இன்னும் வரலியா?" என்று என்னிடமே கேட்டார்கள். மேடம் எல்லோரையும் எப்போதும் போலப் பார்த்தார். ஆனால் ஒரு நாளைக்கு நாலு தடவை அந்தப் பக்கத்தைத் திறப்பார். வலது பக்கத்தில் இந்த முறை, 'ஸ்கேனில் ஒன்றும் இல்லாவிட்டால்' என்று எழுதியிருந்தது. அதையும் பேனாவில்தான் எழுதியிருந்தார்.

வெள்ளிக்கிழமை சடையன் புளியங்குட்டைக்கு வந்து, ஆள் இல்லாததைப் பார்த்துவிட்டு, நேராக நிலையத்துக்கே வந்துவிட்டார். சண்டைக்கு என்று நினைத்தேன். வாசலில் நின்று, "இன்னாம்மா கண்டீங்க அந்த முதுகுல?" என்றார். மேடம் சொன்னார், எந்தக் கணு, எவ்வளவு வெளியே வந்திருந்தது, கால் எப்படி எகிறியது. அவர் தன் கைவிரல்களைப் பார்த்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார். "மிதிச்சிருப்பேன்" என்றார் கடைசியில். அப்படியே படி இறங்கிப் போய்விட்டார்.

அன்று சாயந்தரம் போன் வந்தது. முதுகெலும்பில் காசநோய். இரண்டு எலும்புகளுக்கு நடுவே அரித்து, பக்கத்தில் சீழ் கோத்து, நரம்பைத் தொட்டுக்கொண்டு நின்றதாம். தொட்டுக்கொண்டுதான், நசுக்கவில்லை. ஆபரேஷன் இப்போதைக்கு வேண்டாம், மாத்திரை தொடங்கிவிட்டார்கள், படுக்கையில் இருக்க வேண்டும், நாள்தோறும் காலின் பலத்தைப் பார்க்கிறார்கள். மேடம் போனை வைத்துவிட்டு முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தார். அடுத்த டோக்கனைக் கூப்பிடச் சொன்னார்.

சுந்தரம்மாள் பதிமூன்று ராத்திரி பரணில் இருந்தார். கீழோரத்தில் கொஞ்சம் பன்றிக்குப் போனது. மற்றது வீடு வந்தது.

இதற்குப் பிறகு நிலையத்தில் இரண்டு விஷயம் மாறியது. ஒன்று, ஒவ்வொருவரும் போன பிறகு மேடம் கதவோரம் வந்து, "அக்கா, எப்டி நடந்து வந்தாங்க? எப்டிச் செருப்பு மாட்னாங்க?" என்று என்னைக் கேட்பார். முதலில் எனக்குக் கூச்சமாக இருந்தது. இப்போது கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன், சில சமயம். இன்னொன்று, வலி எழுப்புகிறதா என்ற கேள்விக்கு முன்னால் அவர் ஒரு கேள்வி சேர்த்துக்கொண்டார். "நேத்து ராத்திரி எங்க இருந்தீங்க?" இதைக் கேட்டதும் வயதான ஆண்கள் மனைவியைத் திரும்பிப் பார்ப்பார்கள். ஒரு பெரியவர், "இன்னாம்மா, போலீசு மாதிரி கேக்கற?" என்றார். "ஆவலான்னுதான் இருந்தேன் தாத்தா, ரெண்டு சென்டிமீட்டர் பத்தல" என்றார் மேடம்.

டிக்கெட்டம்மா என்ற பெயர் மட்டும் போகவில்லை. இப்போதும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்.

ராஜாக்கண்ணு ஆடி மாதத்தில் வந்தார். இடுப்பிலிருந்து நெஞ்சுவரை பெல்ட் போட்டு, தானே நடந்து. மாத்திரை இன்னும் பாக்கி இருந்தது. பெல்ட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கழற்றலாம், இனி பயிற்சி தொடங்கலாம் என்று வேலூரில் எழுதிக் கொடுத்திருந்தார்கள். கன்னம் கொஞ்சம் உப்பியிருந்தது.

"பாத்தீங்களாம்மா, எடை ஏறிடுச்சு," என்றார் சுந்தரம்மாள். "இப்பக் கொறைஞ்சா கண்டுபுடிச்சிடலாம்."

மேடம் அவரை டைல்ஸ் கோட்டில் நடக்கவிட்டார். கோட்டின் மேலேயே நடந்தார், சுவர்வரை போய்த் திரும்பினார். மேடம் முழங்காலில் சுத்தியலால் தட்டினார். கால் மெதுவாக, எவ்வளவு ஆட வேண்டுமோ அவ்வளவு ஆடியது. நோட்டை எடுத்தார், பென்சிலை எடுத்தார். இடது பக்கம் எழுதி, வலது பக்கமும் எழுதினார். முதல் பயிற்சியைச் சொல்லிக்கொடுத்தார். பத்து எண்ண வேண்டிய வேலையைச் சுந்தரம்மாள் ஏற்றுக்கொண்டார்.

அவர்கள் போகும்போது நான் வாசலில் இருந்தேன். செருப்பு மாட்ட ராஜாக்கண்ணு சுவரைப் பிடிக்கவில்லை. அவர் பார்வை எதிரே சாலையில் வந்துகொண்டிருந்த பஸ் மேல் இருந்தது. கால் அதுபாட்டுக்குச் செருப்பைத் தேடி நுழைந்தது, ஒன்று, பிறகு இன்னொன்று. கீழே குனிந்து பார்க்கவே இல்லை. மூன்று படியையும் அப்படியே இறங்கினார்.

உள்ளே மேடம் பென்சிலோடு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாக்காம எறங்கனாரு மேடம்," என்றேன்.

அவர் அதை எழுதிக்கொண்டார்.